விழுந்த மரங்களை நான் இன்னும் வெட்டாத காரணம்

கண்ணு,

நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் அம்மாவுக்கு என் மேல் கோபம். அது கல்யாணம் ஆன நாளிலிருந்து இருப்பதுதான், மருந்து வேண்டாம். போனில் சொல்லாமல் ஏன் இந்த மனுசன் கடுதாசி எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் நீ "ரோடு என்னாச்சுப்பா?" என்று கேட்டால், "ஆயிக்கிட்டே இருக்குது சாமி" என்று சொல்லிவிடுவேன். என் வாய் அப்படி. கை தொடுவதற்கு முன்னாலேயே வாய் வேலையை முடித்துவிடும். எழுதினால் ஒவ்வொரு எழுத்தாக வருவதால் பொய் சொல்ல அலுப்பாக இருக்கிறது. பத்தாவது படித்தவன் என்று செம்மேட்டில் சொல்லிக்கொண்டு திரிகிறேன், ஒன்பதிலேயே நின்றது உனக்கும் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விசயம் இதுதான். தையில் உனக்குக் கல்யாணம், நம் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில். பெண் வீட்டுக்காரர்கள் மலைக்கு அந்தப் பக்கத்து அரியூர் நாட்டிலிருந்து சீர் கொண்டு வர வேண்டும். அவர்களுடைய ஜீப்பெல்லாம் தார் ரோட்டிலேயே நின்றுவிடும். அங்கேயிருந்து நம் வீட்டுக்குச் சோலைக்குள்ளே போகிற ஒற்றையடிப் பாதைதான், அதுவும் வேரில் கால் தட்டித் தட்டி. சம்பந்திக்கு முழங்கால் மடங்காது. ஐப்பசியில் அந்தக் காற்று அடித்ததே, அது தார் ரோட்டிலிருந்து நம் மாட்டுக் கொட்டகை வரைக்கும் கயிறு பிடித்த மாதிரி சோலையை இரண்டாகப் பிளந்துவிட்டது. நம் பட்டா நிலம், தானாக விழுந்த மரம். மறுநாள் காலையில் அதைப் பார்த்துவிட்டு உனக்குப் போன் போட்டு நான் என்ன சொன்னேன்? "காத்தே உனக்குக் கல்யாண ரோடு போட்டுக் குடுத்துருச்சு கண்ணு, மரத்த மட்டும் ஒதுக்கிட்டா கார் வாசலுக்கு வந்துரும்." நீ சிரித்தாய். எத்தனை நாள் கழித்து நீ என் பேச்சுக்குச் சிரித்தாய் என்று அன்றைக்கு முழுக்கச் சந்தோசமாகத் திரிந்தேன். சம்பந்திக்கும் சொல்லியாயிற்று. மரவள்ளி வாங்க வந்த வியாபாரிக்குக்கூடச் சொன்னேன்.

மார்கழி பாதி போய்விட்டது. மரங்கள் அப்படியே கிடக்கின்றன.

இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். இதோ மாட்டுகிறேன் என்று நான் சொன்ன குளியலறைக் கதவு ஞாபகம் வரும். நாலு வருசம் உன் அம்மாவின் பழைய சேலைதான் அந்தக் கதவு. உன்னோடு படித்த பையன்கள் வந்திருந்தபோது, உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று ஒருத்தன் குளித்து முடிக்கும்வரை பாட்டுப் பாடினான், பாவம், பாட்டு தீர்ந்துபோய்க் கடைசியில் வாய்ப்பாடு சொன்னான். நீ என்னைத் திட்டவில்லை. ஓரமாக உட்கார்ந்து உன் கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அடுத்த வாரம் நீயே செம்மேட்டுக்குப் போய்த் தகரக் கதவு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்து மாட்டினாய். அந்த நகத்தைப் பார்த்த பார்வையை இந்தத் தடவை கல்யாண மணையில் உன் முகத்தில் பார்க்கக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

காற்று நின்ற பிறகு சோலைக்குள் ஒரு தரம் வந்து பார்க்க உனக்கு லீவு கிடைக்கவில்லை. நான் சொல்கிறேன், கேள். விழுந்த மரம் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து, கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்துப் பாயில் வரிசையாகப் படுத்தவர்கள் மாதிரிக் கிடந்தன. மூன்று நாவல், ஒரு காட்டுப் பலா, பெரிய அத்தி ஒன்று, பேர் தெரியாதவை எத்தனையோ. நடுப்பகலிலும் டார்ச் அடித்துத்தான் காளான் தேட வேண்டிய இடத்தில் வெயில் வந்து உட்கார்ந்திருந்தது. வெயிலையே பார்த்திராத பெரணிகள் ஓரம் கருகித் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. ஆனால் விழுந்த நாவல் சாகவில்லை, கண்ணு. ஒரு பக்க வேர் மண்ணுக்குள்ளேயே இருந்ததால், படுத்த இடத்திலேயே முதுகு நெடுகப் புதுத் துளிர் விட்டு, ஒவ்வொரு துளிரும் நட்ட குச்சி மாதிரி நேராக வானத்தைப் பார்த்து நின்றது. பனி அதன் மேல் வந்து தங்கி, கொஞ்சம் யோசித்துவிட்டு, மெல்ல நகர்ந்து போகும். சில நாள் காலையில் பனியும் துளிரும் நானும் மட்டும்தான் அங்கே இருக்கிறோம், ஊரெல்லாம் கீழே எங்கேயோ கரைந்துவிட்டது என்று தோன்றும்.

வெட்டத்தான் போனேன். சத்தியமாக. அரிவாளைத் தீட்டிக்கொண்டு, பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு, வெள்ளி முளைத்த நேரத்துக்கே போனேன். ஒரு வாய் டீ குடிக்கலாம் என்று அத்தி மரத்து மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தப்பு. கேளையாடு ஒன்று, நாய் மாதிரிக் குரைக்குமே அந்தச் சின்ன மான், வந்து, கீழே கிடந்த கிளையில் வாடாத இலையாகப் பார்த்துப் பார்த்துத் தின்றது. அதன் வாய்க்கு எட்டாத உயரத்து இலை எல்லாம் இப்போது தரையில் பந்தி போட்ட மாதிரி இருக்கிறதே. மரங்கொத்தி ஒன்று செத்த பட்டையைத் தட்டித் தட்டி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டது. வெயில் ஏறி, டீ ஆறி, அரிவாளில் பனித்தண்ணீர் வழிந்து, நான் வீடு திரும்பினேன். "எத்தன மரம்?" என்று உன் அம்மா கேட்டாள். "பாத்து வெச்சிட்டு வந்திருக்கறேன்" என்றேன். இப்படியே ஐந்தாறு நாள். இதுவரைக்கும் சோம்பேறித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஒருநாள் எனக்கே வெட்கமாகி, தார் ரோட்டுப் பக்கமிருந்து ஆரம்பித்தேன். உச்சி சாயும் வரைக்கும் நிமிரவில்லை. முதல் நாவலின் தலைப்பக்கம் முழுவதையும் வெட்டி ஒதுக்கி, ஒரு ஜீப் அகலத்துக்கு மண் தெரிகிற அளவுக்குத் துடைத்துவிட்டேன். கையெல்லாம் கொப்புளம். உன் அம்மா எண்ணெய் தடவிவிட்டு, "ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் ஒருநாள் முழுக்க வேலை செய்தால் அவளுக்குக் காய்ச்சல் என்றுதான் தோன்றும்.

மறுநாள் விடியப்போகிற நேரத்தில் நம் நாயையும் கூட்டிக்கொண்டு அதே இடத்துக்குப் போனேன். நேற்று வெட்டியதைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்று. பனிக்குள்ளே, நான் வெட்டிவிட்ட கிளையின் மொட்டை முனையில் ஏதோ அசைந்தது. தேவாங்கு. வயிற்றில் ஒரு குட்டி. முழங்கை நீளம்கூட இல்லை, முகத்தில் பாதி கண். ஒரு கை பிடித்த பிறகுதான் அடுத்த கையை விடும், அவ்வளவு நிதானம். அது கிளை முனைக்கு வந்து, முன்கையை நீட்டியது. நேற்று வரைக்கும் அங்கே அடுத்த மரத்தின் கொம்பு இருந்திருக்கிறது. இப்போது காற்றுதான் இருக்கிறது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. இருட்டில் சுவிட்சு தேடுகிற மாதிரிக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே தடவிப் பார்த்தது. திரும்பப் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. அது போக வேண்டிய பக்கம் இந்தப் பக்கம்தான் போலிருக்கிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காற்று சோலையைப் பிளந்துவிட்டது, ஆனால் பிளந்த இடத்தில் விழுந்த மரங்களே குறுக்கே கிடந்து, தலையும் காலும் பின்னிப் பாலமாக இருக்கின்றன. மரத்தை விட்டு இறங்காத சீவன் எல்லாம் அதன் மேலேதான் போகின்றன, வருகின்றன. மலை அணில் அப்படிப் போவதை நானே பார்த்தேன், பார்த்து ரசித்தேன், ஆனால் புரியவில்லை. நான் ரோடு போடுகிறேன் என்று அவற்றின் ரோட்டைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

தேவாங்கு கடைசியில் மண்ணில் இறங்கிவிட்டது. மரத்தில் அவ்வளவு அழகாகப் போவது தரையில் இடுப்பு ஒடிந்த மாதிரித் தவழ்ந்தது. நம் நாய் காதைத் தூக்கியது. நான் பாய்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அது திமிற, நான் அமுக்க, அந்தச் சின்னச் சீவன் ஒரு ஜீப் அகலத்தைத் தாண்ட எடுத்துக்கொண்ட நேரத்தில் நீ கோயம்புத்தூரில் குளித்துக் கிளம்பி பஸ்சே ஏறியிருப்பாய். பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. யாரடா இவன், எதற்கு நாயைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று நினைத்திருக்கும். அழத்தான் செய்தேன், அதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், வேண்டாம், இருக்கட்டும்.

பின்னாலிருந்து உன் அம்மா குரல். காய்ச்சல்காரன் எங்கே போகிறான் என்று தொடர்ந்து வந்திருக்கிறாள்.

"ஏனுங், நாயக் கட்டிப் புடிச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"சத்தம் போடாத. அங்க பாரு."

பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "கல்யாணம் வெச்சிருக்கற ஊட்டுல தேவாங்கப் பாத்தேன்னு வெளிய சொல்லீறாதீங்க. சகுனம் ஆகாதும்பாங்க." கொஞ்சம் கழித்து, "புள்ளத்தாச்சி மாதிரி என்ன கவனமாப் போகுது பாருங்க" என்றாள். அது அத்திக் கிளையைப் பிடித்து ஏறின பிறகுதான் இரண்டு பேரும் மூச்சு விட்டோம்.

சரி, இதை உன்னிடம் போனில் சொன்னால் நம்புவாயா? உன் அப்பன் வேலைக்குச் சோம்பிக்கொண்டு தேவாங்கு மேல் பழி போடுகிறான் என்றுதான் நினைப்பாய். நினைக்க உனக்கு நியாயமும் இருக்கிறது. இதை எழுதத்தான் இரண்டு பக்கம் சுற்றி வந்தேன்.

நீ நாமக்கல்லில் விடுதியில் இருந்து பதினொன்றாவது படித்தபோது, அரையாண்டுப் பரீட்சை முடிந்து கூட்டிக்கொண்டு போக நான் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து கேட்டிலேயே நின்றாய். பொழுது சாயும்போது வாட்ச்மேன் போனிலிருந்து கூப்பிட்டாய். "மழையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுப் போச்சு கண்ணு, பஸ்ஸே இல்ல" என்றேன். மண் சரியவில்லை. அன்றைக்குக் காலையில் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் மரவள்ளி மூட்டை மேல் சாய்ந்து, பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குடிசையாக, ஒவ்வொரு மரமாக அது மூடிக்கொண்டே வந்தது. என்னையும் மூடட்டும் என்று கண்ணை மூடினேன். முழித்தபோது இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவது இருந்தது. அதில் ஏறி வந்திருக்கலாம். நேரமாகிவிட்டதே, என்ன சொல்வது என்று வெட்கப்பட்டு, ஏறாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். நீ மறுநாள் தனியாக மலையேறுகிற அந்த எழுபது வளைவும் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாய். வந்த பஸ்சின் சன்னலிலிருந்து ரோடு சுத்தமாக இருந்ததை நீ பார்த்திருப்பாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்துதான் நீ என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்தினாய் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இத்தனை வருசத்துக்கு அப்புறம் நீ என்னிடம் "என்னாச்சுப்பா" என்று வாய் திறந்து கேட்ட ஒரே சாமான் இந்த ரோடு.

புதுசாகக் குடும்பம் நடத்தப் போகிறவனுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான் இருக்கிறது. மழை மேலும் காற்று மேலும் பழி போட்டு உன் பெண்டாட்டியிடம் தப்பித்துக்கொள்ளாதே. தூங்கிவிட்டேன் என்று சொல். கோபப்படுவாள், தீர்ந்துவிடும். உன் அம்மாவிடம் நான் தூங்கிவிட்டேன் என்று சொன்ன நாளெல்லாம் அன்றைக்கே சோறு கிடைத்திருக்கிறது. வேறு கதை சொன்ன நாளெல்லாம் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

போன வாரம் சம்பந்தி ரோட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். தார் ரோட்டில் நின்றபடியே பார்த்தார்.

"ஏனுங் சம்பந்தி, ரோடு ரெடின்னீங்க. ரோட்டு மேல மரம் படுத்துக் கெடக்குதுங்களே?"

"அதுங்க பாட்டுக்குப் படுத்திருக்குதுங்க."

"எழுப்பி உடறதுங்களா, இல்ல நீங்களும் பக்கத்துல பாயப் போட்டுக்குவீங்களா?"

அவரை மெதுவாக ஒரு கல்லில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தேவாங்கு என்ற பேரை மட்டும் உன் அம்மா சொன்னபடி விழுங்கிக்கொண்டு, "சில சீவனுங்க" என்றேன். முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். "என்ற பொண்ணு வெறுங்காலோட கூட நடந்து வந்துரும், அதுக்கு மலைக்கால். எனக்கு என்ன வழிங்க? புள்ளைய ஒப்படைக்கற அன்னிக்கு நாலு பேரு தூக்கிக்கிட்டு வந்தா, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" அதற்கு மேல் கேலி பேசவில்லை. அவர் கேட்டது நியாயம். தன் மகள் கல்யாணத்துக்குத் தன் காலில் வந்து இறங்க வேண்டும் என்பது பெரிய ஆசை இல்லையே.

அன்றைக்கு முழுக்க நானும் உன் அம்மாவும் நிலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். வழி ஒன்றுதான் இருக்கிறது. சோலையைத் தொடாமல், ஓடைக்கரை ஓரமாக வளைந்து, நம் மிளகுத் தோட்டத்து நடுவில் வந்து ஏறுவது. பதினொரு சில்வர் ஓக் மரம், அதன் மேலே பதினொரு கொடி. உனக்குத் தெரியும், அந்தப் பதினொன்றும் உன் அம்மாவின் கைக்கொடி. தண்ணீர் சுமந்தது அவள், கட்டிவிட்டது அவள், ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறிப் பறித்ததும் அவள்தான், நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு மேகம் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த வருசம் சரம் சரமாகத் தொங்குகிறது, பறிக்க இன்னும் ஒரு மாசம் வேண்டும். இப்போது பறித்தால் பாதி பிஞ்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் எனக்கு வாய் இல்லாமல் போனது.

அவளேதான் சொன்னாள். "கொடி வெச்சா மூணு வருசத்துல காய்க்குமுங்க."

நேற்றுக் காலையில் முதல் கொடியில் இருந்த காயெல்லாம் உருவி எடுத்தோம். மரத்தடியில் அரிவாளோடு நின்றேன். கொடியைப் பார்த்தேன், அதன் கணுவில் ஊறியிருந்த பனியைப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றிருந்தது.

"குடுங்க இங்க" என்று அரிவாளைப் பிடுங்கினாள். "நீங்க வெட்டறதுக்குள்ள பேரன் ஸ்கூலுக்குப் போயிருவான்."

ஒரே வெட்டு. அடிக்கொடி தனியாகி, மேலே இருந்தது கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாமல் பச்சையாகவே தொங்கியது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அரிவாளை வாங்கி இரண்டாவதை நான் வெட்டினேன். மூன்றாவது, நான்காவது. அப்புறம் கோடாலிக்கு மாறி, பொழுது இறங்குவதற்குள் நாலு மரத்தையும் தரையில் சாய்த்தோம். நல்ல கொடியாகப் பார்த்து நறுக்கி, மண்ணும் சாணமும் கலந்து பையில் நட்டு, கொட்டகை நிழலில் வரிசையாக வைத்திருக்கிறாள். இன்றைக்கு மீதி ஏழு. திங்கட்கிழமை பொக்லைன் வந்து மண்ணை நிரவும். கார் வாசலுக்கு வராது, கொட்டகை வரைக்கும் வரும். அங்கேயிருந்து வாசல் சம்பந்தி காலுக்கு முப்பது அடி எடுத்து வைக்கிற தூரம். அவரிடம் சொல்லிவிட்டேன், "முப்பது அடின்னா நானே ஆடிக்கிட்டு வருவேன்" என்றார்.

உன்னைக் கேட்காமல் வெட்டியது தப்பு. நாளைக்கு அந்தத் தோட்டம் உன்னுடையது, மூன்று வருசத்து மிளகு உனக்குத்தான் நட்டம். கேட்டிருக்கலாம். கேட்டால் நீ "யோசிக்கலாம்பா" என்பாய். நான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தை கழியும்வரைக்கும் யோசித்திருப்பேன். நான் எப்படிப்பட்டவன் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் திரும்ப ஒட்ட முடியாதபடி வெட்டிவிட்டு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை கொடுக்க வருகிறாய் இல்லையா? வந்ததும் என்னிடம் ஒன்றும் கேட்காதே, நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராக ஓடைக்கரைக்குப் போ. அடிமரம் எத்தனை இருக்கிறது என்று எண்ணு. பதினொன்று இருந்தால் வீட்டுக்கு வா, சேர்ந்து சாப்பிடலாம். பத்துதான் இருந்தால், கோடாலியை அங்கேயே மரத்தடியில் சாத்தி வைத்திருப்பேன், என்னை அங்கிருந்தே ஒரு குரல் கூப்பிடு. உன் கண் முன்னாலேயே வெட்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு
ஓடைக்கரைக்குக் கிளம்பிவிட்ட
உன் அப்பன்